அடடாவுக்கு முக்கால் மணி நேரம்

அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்ததற்கு என் தகுதி காரணமில்லை. சனிக்கிழமை எல்லோரும் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள், நான் பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன், அவ்வளவுதான். "கடைசியா வர்றவங்கதான் குறிப்பெடுக்கணும்" என்று சேலத்துக்காரர் அந்த நிமிடமே ஒரு விதியை உண்டாக்கி, ஒரு நோட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டார். பெங்களூரில் ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, அல்சூரில் இறங்குவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஒன்பது பேருக்கும் எலுமிச்சைச் சாதம் கட்டித் தருகிறேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால் வந்த தாமதம். அந்தச் சாதம் பதினொன்றரைக்கே தீர்ந்துபோனதை முதல் குறிப்பாக எழுதினேன். அறிக்கையில் அதை வெட்டிவிட்டார்கள்.

அறிக்கை அரைப் பக்கம்தான். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்தெந்தக் கோப்புகள். நோட்டில் மீதி முப்பது பக்கம் இருக்கிறது. அதை வீணாக்க மனமில்லாமல் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதற்காகக் கூடினோம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளின் திரையில் வரும் சொற்களைத் தமிழாக்க. லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினிகளில் மேசைத் திரையாக வரும் க்னோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பு வெளியிடும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ஊரின் பெயர் வைப்பார்கள். செப்டம்பர் பதிப்புக்கு அவர்களுடைய ஐரோப்பிய மாநாடு நடந்த ஊர், மார்ச் பதிப்புக்கு ஆசிய மாநாடு நடந்த ஊர். 2024 டிசம்பரில் ஆசிய மாநாடு இங்கே நடந்தது. 2011இலேயே ஒருமுறை இங்கே நடந்திருக்கிறது, அப்போது இந்தப் பெயர் வைக்கும் பழக்கம் இல்லை. ஆகவே 2025 மார்ச் 19 அன்று வந்த க்னோம் 48க்குப் பெயர் 'பெங்களூரு'. நம் ஊர்ப் பெயரில் ஒரு மென்பொருள் என்ற பெருமையில் மடிக்கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். அமைப்புகள் என்று தமிழில் ஒரு வரி, அடுத்த வரி ஆங்கிலம், அப்புறம் இரண்டு வரி தமிழ், அதற்கடுத்தது பாதித் தமிழ். எங்கள் தெருவில் பேசுகிற மாதிரியே இருக்கிறதே என்று முதலில் சிரித்தேன். பிறகு படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். சேலத்துக்காரர் சிரிக்கவில்லை. "ரெண்டு நாள் ஒதுக்க முடியுமா?" என்று கேட்டார்.

ஜூலையில் ஒரு சனி, ஞாயிறு. இடம், அல்சூர் ஏரியிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சிறிய நிறுவனத்தின் மூன்றாம் மாடி. விடுமுறை நாள் என்பதால் இலவசமாகக் கொடுத்தார்கள். இணையத்தை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார்கள். அந்த அலுவலகத்தின் பாதுகாப்பு அமைப்பு நாங்கள் திறக்க வேண்டிய தளங்களையெல்லாம் 'அபாயகரமானது' என்று அடைத்துவைத்திருந்தது. மாணவி ஒருத்தியின் கைப்பேசி இணையத்தில் ஒன்பது பேரும் ஒட்டிக்கொண்டோம். அவளுடைய இரண்டு நாள் டேட்டாவை ஒன்றரை மணி நேரத்தில் குடித்துவிட்டோம்.

இந்தக் கூட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே ஒரு சச்சரவு. யாரோ 'ஹேக்கத்தான்' என்று சொல்ல, சேலத்துக்காரர் முகம் சுளித்தார். பெங்களூரில் ஹேக்கத்தான் என்றால் பரிசுப் பணம், ஆளுயர பேனர், நடு ராத்திரி பீட்சா. ஆனால் 1999 ஜூனில் கனடாவின் கல்கரி நகரில் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எழுதும் ஆட்கள் பத்துப் பேர் கூடி வேலை செய்தபோதே அந்தச் சொல் புழங்கியிருக்கிறது. தகவலைப் பூட்டிவைக்கும் குறியாக்க நிரல்களுக்கான அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் நிரல் எழுத வேண்டும் என்பதற்காகக் கனடாவில் வைத்துக்கொண்டார்கள். பரிசும் கிடையாது, பேனரும் கிடையாது. அந்த அர்த்தத்தில் என்றால் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. நோட்டின் மேலே "கூடி உட்கார்ந்தது" என்று எழுதினேன், கடைசிவரை அப்படியே இருந்தது.

எனக்கும் இதில் ஒரு பழைய கடன் உண்டு. 'லினக்ஸ் பெங்களூர்' என்று 2001இல் தொடங்கி, 2005இல் 'ஃபாஸ் டாட் இன்' என்று பெயர் மாறி, 2012 வரை இந்த ஊரில் கட்டற்ற மென்பொருள் மாநாடு ஒன்று நடந்தது. கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை போனேன். பேச்சுகளைக் கேட்டேன், ஸ்டிக்கர் வாங்கினேன், வந்துவிட்டேன். பக்கத்து அறையில் ஒரு கும்பல் தரையில் உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தது. உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

திரையில் தெரியும் ஒவ்வொரு சொல்லும் வாக்கியமும் 'பீ.ஓ.' என்ற வகைக் கோப்பில் இருக்கும். ஆங்கில வரி மேலே, தமிழ் வரி கீழே. நிரலுக்கு உள்ளே கை வைக்க வேண்டியதில்லை. இதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும் என்றார்கள், எனக்கு அரை நாள் ஆனது. நான் தொழிலால் மென்பொருள் சோதனையாளன். அதோடு பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்தை அம்மாவிடமும் வாரப் பத்திரிகைகளிடமும் சினிமா போஸ்டர்களிடமும் கற்றுக்கொண்டவன். ஸ்ரீராமபுரத்தில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான். தமிழில் சண்டை போடுவார்கள், பேருந்துப் பலகையைக் கன்னடத்தில் படிப்பார்கள். ஆகவே எனக்கு ஒற்றுப்பிழை வரும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். அல்சூர்க்காரரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்திருந்தார். அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. அது நல்லதுதான்.

என் முதல் கோப்பே குளறுபடி. சில வாக்கியங்களின் நடுவே விழுக்காட்டுக் குறியும் அதையடுத்து ஒரு ஆங்கில எழுத்தும் வரும். அந்த இடத்தில் கணினி ஒரு எண்ணையோ பெயரையோ செருகிக்கொள்ளும். நான் தமிழ்99 விசைப்பலகையில் வேகமாக அடித்துக்கொண்டே போனேன். 'டி' அடிக்க வேண்டிய இடத்தில் விசைப்பலகையைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்துவிட்டேன். தமிழ்99இல் அந்த விசையில் இருப்பது 'உ'. ஆக, எண் வரவேண்டிய இடத்திலெல்லாம் விழுக்காட்டுக் குறி, பக்கத்தில் ஒரு உ. சரிபார்க்கும் கருவி வரிசையாகப் பிழை பிழை என்று கத்தியது. தமிழாசிரியர் எட்டிப் பார்த்து, "பிள்ளையார் சுழி போட்டுத்தானே தொடங்கியிருக்கீங்க, தப்பில்லை" என்றார். கோப்பு முழுக்க இருபத்தேழு பிள்ளையார் சுழி.

அடுத்து ஒரு விஷயம், இது என்னை உண்மையாகவே உட்காரவைத்தது. திரையில் ஆங்கிலமாக இருக்கும் வரிகளில் பலவற்றுக்கு, கோப்பைத் திறந்து பார்த்தால், தமிழ் ஏற்கெனவே இருந்தது. நல்ல தமிழ். யாரோ எப்போதோ செய்தது. பின் ஏன் திரையில் வரவில்லை? அவற்றின் மேல் 'ஃபஸ்ஸி' என்று ஒரு அடையாளம். தெளிவற்றது என்று பொருள். மூல ஆங்கில வரி கொஞ்சம் மாறினால், பழைய மொழிபெயர்ப்பு இனி பொருந்துமா என்பது கருவிக்குத் தெரியாது. அதனால் சந்தேகக் கேஸ் என்று குறித்து வைத்துவிடும். யாராவது மனிதர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை திரைக்கு அனுப்பாது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் என்ன மாறியது என்று பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 'சேமி' போன்ற கட்டளைகளின் பின்னால் மூன்று புள்ளி வரும், பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் அது முற்றுப்புள்ளியை மூன்று தடவை அடித்தது. அழகுக்காக ஆங்கிலத்தில் அதை மூன்று புள்ளியும் சேர்ந்த ஒரே எழுத்தாக மாற்றியிருக்கிறார்கள். பொருளில் ஒரு மாற்றமும் கிடையாது. அங்கே யாரோ மூன்று புள்ளியை ஒட்டவைத்தார், இங்கே ஒரு தமிழ் வரி திரையிலிருந்து காணாமல் போனது.

கல்லூரி மாணவிதான் இந்த வேலையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். சந்தேகக் கேஸ்களை ஒவ்வொன்றாகத் திறப்பது, ஆங்கிலத்தில் என்ன மாறியது என்று பார்ப்பது, புள்ளி மட்டும் என்றால் தமிழிலும் புள்ளியை மாற்றி அடையாளத்தை எடுப்பது. "அண்ணா, நான் ஒண்ணுமே எழுதலை, எழுப்பி மட்டும்தான் விடறேன்" என்றாள். நாங்கள் இரண்டு நாளில் புதிதாக மொழிபெயர்த்ததைவிட அவள் எழுப்பிவிட்டது அதிகம். இது அறிக்கையில் ஒரே வரியில் போய்விட்டது, அதில் எனக்கு வருத்தம்.

அந்தக் கோப்புகளின் தலைப்பகுதியில் இன்னொன்று உண்டு. அந்தக் கோப்பில் கை வைத்தவர்களின் பெயரும் ஆண்டும் வரிசையாக இருக்கும். கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதி, வெளிச்சத்தில் பாதியை மறைத்து வைப்பார்களே, அப்படி. இங்கே வெளிச்சம் மறைவதில்லை, ஏனென்றால் அந்தப் பெயர்களை யாரும் பார்ப்பதே இல்லை. ஒரு கோப்பில் ஒரே ஆள் வருடாவருடம் வந்திருந்தார், பிறகு நின்றுவிட்டார். கல்யாணமா, வேலை மாறினாரா, அலுத்துப்போனதா, தெரியாது. நாங்கள் எங்கள் பெயர்களைக் கீழே சேர்த்தோம். மாணவி சேர்க்க மறுத்தாள், புள்ளிக்குப் பெயர் எதற்கு என்றாள். தமிழாசிரியர் ஐயா அதட்டிச் சேர்க்கவைத்தார்.

மதியத்துக்கு மேல் 'யார் யாரிடம் பேசுகிறார்கள்' என்ற விவாதம் தொடங்கியது. இது ஆங்கிலத்தில் தோன்றவே தோன்றாத சிக்கல். ஆங்கிலக் கட்டளைச் சொல்லுக்கு மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. தமிழில் 'சேமி' என்றால் ஒருமை, 'சேமிக்கவும்' என்றால் பணிவு, 'சேமியுங்கள்' என்றால் எதிரில் ஒரு ஆள் இருக்கிறார். பழைய கோப்புகளில் மூன்றும் கலந்து கிடந்தன. ஒரு சாளரத்தில் கணினி நம்மை 'வாங்க' என்கிறது, அடுத்த சாளரத்தில் 'போடா' என்கிறது. எல்லாவற்றுக்கும் 'உம்' போட்டுவிடலாம், மரியாதையாக இருக்கும் என்றார் சேலத்துக்காரர். அப்போது ஐயா கேட்டார்: "பொத்தானை யார் அமுக்கறா? நீங்க. யாருக்குச் சொல்றீங்க? கணினிக்கு. அதுக்கு எதுக்கு மரியாதை?"

அத்தோடு முடிந்தது வழக்கு. பொத்தானில் இருப்பது நாம் கணினிக்கு இடும் ஏவல்: சேமி, திற, மூடு, நீக்கு. செய்தியில் வருவது கணினி நம்மிடம் சொல்வது: கடவுச்சொல்லை உள்ளிடுங்கள், சற்றுப் பொறுங்கள். இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் வெள்ளைப் பலகையில் எழுதிவைத்தோம். அதன் பிறகும் ஒரு வரி உதைத்தது. 'தொந்தரவு செய்யாதே' என்று ஒரு விசை. அறிவிப்புகளை நிறுத்திவைப்பது. மரியாதைக் குறைவாக ஒலிக்கிறது என்று இரண்டு பேர். நாம்தானே கணினியைப் பார்த்துச் சொல்கிறோம், திட்டினால் என்ன என்று மற்றவர்கள். நான் இரண்டாவது கட்சி. வேலை நேரத்தில் அது எனக்குக் கொடுக்கும் தொல்லைக்கு 'செய்யாதே' என்பது கம்மி.

எண்ணிக்கையிலும் ஒரு தகராறு. 'ஐந்து நிமிடம்' எழுதுவதா, 'ஐந்து நிமிடங்கள்' எழுதுவதா? கோப்பில் ஒருமைக்கு ஒரு வரி, பன்மைக்கு ஒரு வரி என்று இரண்டு இடம் விட்டிருப்பார்கள். ஓட்டலில் யாராவது 'நாலு இட்லிகள்' என்று கேட்பார்களா என்று நான் கேட்டேன். ஐயாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பால்பகா அஃறிணைப் பெயர், நன்னூல், மாடு வந்தது, மாடு வந்தன என்று பதினைந்து நிமிடம் வகுப்பு நடந்தது. முடிவில் அவரே, "ஆனா திரையில 'நிமிடங்கள்'னு இருந்தாத்தான் கண்ணுக்குப் பழகியிருக்கும்" என்று எதிர்க்கட்சிக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

பெரிய தலைவலி வேற்றுமை உருபு. 'இன்ன கோப்பை இன்ன உறைக்கு நகர்த்து' என்று ஒரு வரி. உறை என்றால் ஃபோல்டர். கோப்பின் பெயரும் உறையின் பெயரும் கணினி பின்னால் செருகுபவை. ஆங்கிலத்தில் பெயர் பெயராகவே நிற்கும். தமிழில் அதோடு 'ஐ' ஒட்டவேண்டும், 'க்கு' ஒட்டவேண்டும். பெயர் என்னவென்றே தெரியாமல் உருபை எப்படி ஒட்டுவது? 'கணக்கு' வந்தால் கணக்கை. 'படம்' வந்தால் படத்தை. 'வீடு' வந்தால் வீட்டை. கணினிக்கு இதெல்லாம் தெரியாது, அது 'படம் ஐ' என்று எழுதி நடுவில் ஒரு இடைவெளியும் விடும். அந்த ஒற்றை 'ஐ' பேருந்தைத் தவறவிட்ட ஆள் மாதிரி தனியாக நிற்கும்.

எங்கள் மேசைக்குப் பக்கத்தில் மைசூர்க்காரர் ஒருவர் கன்னடக் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார். அவரும் சேலத்துக்காரரும் ஒரே அலுவலகம். தனியாகச் செய்ய அலுப்பாக இருக்கிறது, நானும் வருகிறேன் என்று வந்திருந்தார். எங்கள் புலம்பலைக் கேட்டுவிட்டு, "குரு, எங்களுக்கும் இதே கதைதான், அன்னு தனியா நிக்கும்" என்றார். கன்னடத்தில் நம் 'ஐ' இருக்கும் இடத்தில் 'அன்னு'. அவர்கள் வழி, பெயருக்குப் பின்னால் 'என்னும் கோப்பு' என்று ஒரு சொல்லைப் போட்டு, உருபை அதில் ஏற்றிவிடுவது. 'படம் என்ற கோப்பை'. கொஞ்சம் நீளம், ஆனால் எந்தப் பெயர் வந்தாலும் உடையாது. இதற்காக ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம், விடை இரண்டடி தூரத்தில் இருந்தது. ஏரிக்கரையில் திருவள்ளுவர், கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால், 1991 முதல் பதினெட்டு வருடம் சிலையாக மூடிக் கிடந்து, 2009இல்தான் திறக்கப்பட்டார். அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞருக்கும் சிலை திறந்தார்கள். இதெல்லாம் நடந்த ஊர் இது. மேலே மூன்றாம் மாடியில் உருபு பரிமாற்றம் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நடந்தது.

அன்று சாயங்காலம் டொன்னே பிரியாணி வாங்கி வந்தார்கள். இலைக் கிண்ணத்தில் வரும் பெங்களூர் பிரியாணி. 'டொன்னே' என்ன சொல் என்று மாணவி கேட்டாள். 'தொன்னை'தான் என்றார் ஐயா. கோயிலில் பொங்கல் வாங்கித் தின்ற அதே தொன்னை. மைசூர்க்காரர் "எங்க சொல்லு" என்றார். ஐயா சைவம். வெறும் தொன்னை ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாணவி எனக்கு ஒரு புதிரையும் காட்டினாள். என் கணினியில் 'ஸ்ரீராமபுரம்' என்று ஒரு புகைப்பட உறை இருக்கிறது. அவள் தன் கணினியில் அடித்த அதே பெயரை எனக்கு அனுப்பி, ஒட்டித் தேடச் சொன்னாள். கிடைக்கவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. உள்ளே வேறு வேறு. 'ஸ்ரீ'யை ஸகரத்தில் தொடங்கி எழுதும் வழி ஒன்று. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில், 2005இல் வந்த 4.1 பதிப்பில், 'ஶ' என்ற எழுத்து சேர்ந்த பிறகு அதில் தொடங்கி எழுதும் வழி இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே ஸ்ரீயாகத்தான் வரும். நான் பிறந்து வளர்ந்த ஊர் எனக்குத் தெரியாமலே இரண்டாக இருந்திருக்கிறது. இதைத் தீர்க்க எங்களால் ஆகவில்லை. விவரமாக ஒரு வழு அறிக்கை, அதாவது பிழைப் புகார், எழுதினோம். சோதனையாளன் என்ற முறையில் அந்த இரண்டு நாளில் நான் உருப்படியாகச் செய்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்குப் போகவேண்டும் என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அந்தச் சாக்கில். தரிசனம் முடித்து மூன்றாம் மாடிக்கு ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தவரிடம் சேலத்துக்காரர் ஒரு மடிக்கணினியைத் திருப்பிவைத்து, "அம்மா, இதைப் படிச்சு என்ன புரியுதுன்னு சொல்லுங்க" என்றார். நாங்கள் யாரும் செய்யாத சோதனை அது. வெட்கமாக இருந்தது, என் தொழிலே அதுதான்.

அம்மா சத்தமாகப் படித்தார். 'உள்நுழை' என்ற இடத்தில் நிறுத்தி, "எதுக்குள்ள?" என்றார். 'மின்கலத்தின் நலம் காக்க' என்ற இடத்தில் இன்னும் நீளமாக நிறுத்தினார். க்னோம் 48இல் புதிதாக வந்தது அது. மின்னேற்றத்தை 80 விழுக்காட்டோடு நிறுத்தி பேட்டரி சீக்கிரம் தேயாமல் பார்த்துக்கொள்ளும் வசதி. "பேட்டரின்னு போட்டா என்ன?" என்றார் அம்மா. ஐயா மின்கலத்துக்காக வாதாடினார். பாடநூலில் மின்கலம்தான், பிள்ளைகளுக்குத் தெரியும், இன்று விட்டுக்கொடுத்தால் நாளை எல்லாம் போய்விடும். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், உங்க வீட்டு டார்ச்சுல என்ன போடுவீங்க?" என்றார். ஐயா சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. கடைசியில் அமைப்புகளில் 'பேட்டரி', விளக்க உரையில் 'மின்கலம்' என்று ஒரு ராஜி. ராஜி என்பதால் இரண்டும் கெட்டதாக இருக்கிறது என்பது என் கருத்து. நான் குறிப்பெடுப்பவன், என் கருத்தை யாரும் கேட்கவில்லை.

அதே பதிப்பில் திரையின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்று கணக்கு வைத்து, இடைவேளை எடுக்கச் சொல்லும் பகுதியும் வந்திருக்கிறது. அதற்கு 'நலவாழ்வு', 'ஆரோக்கியம்' என்று என்னென்னவோ எழுதிப் பார்த்து, கடைசியில் 'நலம்' என்று நின்றது. "அப்ப கீழே 'நலமறிய ஆவல்'னு போடுவீங்களா?" என்று அம்மா கேட்டார். போடவில்லை. போட்டிருக்கலாம்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. விசிறி நின்று, ஜன்னலைத் திறந்து, அல்சூரின் அத்தனை ஹாரனும் உள்ளே வந்த நேரத்தில் நாங்கள் அந்த வரிக்கு வந்து சேர்ந்தோம். மேசைத் திரை மொத்தமாகக் கவிழும்போது, வேறு எதுவும் செய்ய முடியாத நிலையில், ஒரு சோக முகம் போட்ட கணினிப் படத்தோடு வரும் செய்தி. ஆங்கிலத்தில் அது ஒரு சின்ன அலறலோடு தொடங்கும், பிறகு ஏதோ தவறு நடந்துவிட்டது என்று சொல்லும். வெளியேறி மீண்டும் முயலச் சொல்லும். அலறலைத் தமிழில் எப்படி எழுதுவது?

நான் "ஐயோ" என்றேன். வேறென்ன? மாணவியும் ஐயோ. சேலத்துக்காரரும் ஐயோ. ஐயா 'அந்தோ' என்று சொல்லிப் பார்த்தார், எல்லோரும் அவரைப் பார்த்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஐயோ என்று எழுதிச் சேமிக்கப் போகும் நேரத்தில் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"ஐயோன்னு எழுதாதே."

"ஏம்மா?"

"வீட்டுக்குள்ள அந்த வார்த்தை எதுக்கு? விளக்கு வைக்கிற நேரத்துல ஒரு பிள்ளை கம்ப்யூட்டரத் திறக்கும். எடுத்த எடுப்புல ஐயோன்னா?"

இதற்கு நாங்கள் யாரும் பதில் தயார் செய்து வைத்திருக்கவில்லை. கணினி கவிழ்ந்ததே அமங்கலம்தானே என்று நான் வாதாடிப் பார்த்தேன். கவிழ்ந்த பிறகு அது சொல்லும் சொல்லும் அமங்கலமாக இருக்கவேண்டுமா என்றார். மைசூர்க்காரர் எழுந்து வந்துவிட்டார். தங்கள் வீட்டிலும் 'அய்யோ' சொன்னால் பாட்டி அடிப்பார் என்று அம்மாவுக்குச் சாட்சி சொன்னார். 'ஐயையோ' பரிசீலிக்கப்பட்டு அதே காரணத்துக்காக இருமடங்கு வேகத்தில் தள்ளுபடியானது. 'ஆஹா' என்றால் கணினி சந்தோஷப்படுகிற மாதிரி. 'அச்சச்சோ' சின்னக் குழந்தை விழுந்த மாதிரி, ஆனால் பரவாயில்லை. 'ஐயய்ய' என்றால் அருவருப்பு. 'அட' என்றால் வியப்பு. 'போச்சு' என்று ஒருவர் சொன்னார், உள்ளதைச் சொல்வதில் அதற்கு நிகரில்லை, ஆனால் பயனர் மயங்கி விழுவார். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க இந்தச் சொற்கள்தான், ஓரத்தில் நேரம் குறித்திருக்கிறேன்: 3.10 முதல் 3.55 வரை.

'அடடா' அம்மா சொன்னது. இழப்பும் இருக்கிறது, பரிவும் இருக்கிறது, கெட்ட சொல்லும் இல்லை. பால் பொங்கி வழிந்தால் அவர் சொல்வது அதுதான். அடடா! ஏதோ தவறாகிவிட்டது. ஐயா ஒருமுறை உரக்கப் படித்தார், தலையை ஆட்டினார். கரண்ட் அப்போதுதான் வந்தது. அம்மா அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

கோப்புகளை ஏற்றியது ஐந்தரைக்கு. ஏற்றும் தளத்தின் பெயர் 'டேம்ன்ட் லைஸ்', அப்பட்டப் பொய்கள். பொய், அப்பட்டப் பொய், புள்ளிவிவரம் என்ற ஆங்கிலச் சொலவடையிலிருந்து எடுத்த பெயர். எந்த மொழி எத்தனை விழுக்காடு முடிந்தது என்ற கணக்குகள் அங்கே இருக்கும். ஏற்றியதும் திரைக்கு வந்துவிடாது. வேறொருவர் படித்துப் பார்க்கவேண்டும், பிறகு அனுமதி உள்ளவர் சேர்க்கவேண்டும். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு ஒன்றன்பின் ஒன்றாக அறிவிப்புகள் வந்தன. முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து அத்தனையும் படித்திருக்கிறார். நான் விட்ட ஒற்றுகள் எட்டு. ஐயா பார்வைக்கும் தப்பிய எட்டு. 'அடடா'வை மாற்றவில்லை.

செப்டம்பரில் புதிய பதிப்பு வந்ததும் போட்டுக்கொண்டேன். பேட்டரி பேட்டரியாக இருக்கிறது, நலம் நலமாக இருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். அதெல்லாம் சரி, நான் சொன்னது எங்கே என்றார். கணினி மொத்தமாகக் கவிழ்ந்தால்தான் அது வரும் என்று விளக்கினேன். அப்போதிலிருந்து நான் மடிக்கணினியைத் திறக்கும்போதெல்லாம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துச்சா?" என்று கேட்கிறார். இதுவரை ஒருமுறைகூடக் கவிழவில்லை.